தேநீர்க்கடையில் ஒரு பதிவேடு

கேரளத்தின் கல்வி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1817ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றனர். கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதி பாய் ஆணையிட்ட ஆண்டு அது. ஆயினும் தமிழகத்தை ஒட்டிய இடுக்கி மலைகளிலும் பாலக்காட்டின் அட்டப்பாடியிலும் நின்று பார்த்தால், அவ்வாணை மிகத் தொலைவில் தெரிகிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயதுள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் அவர்களது கல்விக்கு முதலாளியைப் பொறுப்பாக்க வழிசெய்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு அப்பால், காட்டுக்குள் வாழ்ந்த பழங்குடிகளுக்கு அதனால் பயனில்லை.

1990களின் பிற்பகுதியில்தான் அக்குடிகளுக்கு ஓராசிரியர் பள்ளிகள் வந்தன. அவற்றில் கற்பித்தோரை அரசு ‘தன்னார்வலர்’ என்று அழைத்தது. ஊதியம் தரவில்லை, மதிப்பூதியம் தந்தது. இச்சொல்லை ஆய்வாளர்கள் ஐயத்துடன் அணுக வேண்டும் என்பது என் கருத்து. ஆற்றையும் காட்டையும் கடந்து நாள்தோறும் பள்ளிக்குச் சென்றவர்களின் ஆர்வம் உண்மையானது. ஆனால் அவர்களை ஆசிரியர் என்று ஏற்காமலிருக்க அச்சொல் வசதியாக இருந்தது. 2022இல் இப்பள்ளிகள் மூடப்பட்டபோது, இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்த சிலருக்கு அரசுப் பள்ளிகளில் துப்புரவுப் பணியே மாற்றாகக் கிடைத்தது.

எவரும் பெயர் சூட்டாத தன்னார்வமும் அங்கு இருந்தது. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது இடமலைக்குடி. அதே ஆண்டில், அங்குள்ள இருப்புக்கல்லுக்குடியில் தேநீர்க்கடை நடத்திய பி. வி. சின்னத்தம்பி, முதுவர்களிடையே பணியாற்றிய ஆசிரியர் பி. கே. முரளீதரனின் ஊக்கத்துடன் ஒரு நூலகம் தொடங்கினார். சாக்குப் பைகளில் 160 நூல்கள். உறுப்பினர் கட்டணம் 25 ரூபாய். நூல் எடுக்க வந்தவருக்குக் கட்டன் சாயா இலவசம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் எழுதிய பிறகே வெளியுலகம் இதனை அறிந்தது. சின்னத்தம்பிக்கு அப்போது வயது 73.

அந்நூல்களுள் ஒன்று சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பு. தம் முன்னோர் மதுரையை விட்டு மலையேறியவர்கள் என்பது முதுவர்களின் வாய்மொழி மரபு. கண்ணகியும் அவ்வழி வந்தவளே. பாட்டனார் வாய்மொழியாகச் சொல்லிவந்த ஊரைப் பேரப்பிள்ளை எழுத்தில் காண்கிறான். வீட்டில் அவன் பேசுவது தமிழுக்கு நெருங்கிய மொழி. படிப்பதோ மலையாள எழுத்தில். தாய்மொழியில் தொடக்கக் கல்வி குறித்து 1956இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவை விவாதிப்போர் இக்காட்சியையும் கணக்கில் கொள்ளலாம்.

சின்னத்தம்பி ஒரு பதிவேடும் வைத்திருந்தார். யார், எந்த நூலை, எப்போது எடுத்தார் என்பதெல்லாம் அதில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. 25 குடும்பங்கள்கூட இல்லாத அக்குடியில், 2013இல் மட்டும் 37 நூல்கள் இரவல் போயிருந்தன.