கொற்கை முத்தும் வழியில்லா மலையும்

கொற்கை இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் கடலைவிட்டு உள்ளொதுங்கிய ஒரு சிற்றூர். தாமிரபரணி கொணர்ந்த வண்டல் கரையை வளர்த்தது, கடல் அகன்றது, துறை தூர்ந்தது. ஆயினும் கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற ‘பெரிப்புளூஸ்’ என்னும் கடல்வழி நூல் இத்துறையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகளே அங்குக் குளித்தனர் என்றும், துறை பாண்டியர்க்கு உரியது என்றும் அந்நூல் கூறும். 1876இல் கால்டுவெல் இவ்வூரில் அகழ்ந்து பார்த்தார்.

அம்முத்துச் செல்வத்தைக் கண்காணித்த ஒருவரின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. அது கடற்கரையில் கிடைக்கவில்லை என்பதே வியப்பு. கொற்கைக்கு வடக்கே 150 கிலோமீட்டருக்கும் அப்பால், மதுரையை அடுத்த மாங்குளம் மலையுச்சியில், சமண முனிவர் தங்கிய குகைத்தளத்தின் நெற்றியில் அப்பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அந்தை அசுதன் என்பார் அப்பள்ளிக்குக் கொடை அளித்தவர். வெள்ளறை என்னும் ஊரின் வணிகர் குழுவில் காவிதிப் பட்டம் பெற்றவர். அவருடைய பெயரோடு வரும் ‘காழிதிக’ என்னும் சொல்லுக்கு முத்துக்களின் கண்காணிப்பாளர் என ஐராவதம் மகாதேவன் பொருள் கண்டார். காழ் என்பதற்கு முத்து என்ற பொருளும் உண்டு. பாண்டிநாட்டு முத்து என்றாலே கொற்கைத் துறையே முதலில் நினைவுக்கு வருவதால், இவரது அலுவல் அத்துறையைத் தொட்டதாகக் கருதுவது மிகையாகாது. அதே மலையில் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி என்பானின் அறக்கொடையும் உள்ளது. இக்கல்வெட்டுகளின் காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பது மகாதேவனின் கணிப்பு.

இவ்வெழுத்துகளை அடைந்த வரலாறு, வழியற்ற மலைகளில் ஏறியவர்களின் வரலாறாகும். முனிவர் வாழ்ந்த நாளில் அடிவாரத்து ஊருக்கும் குகைக்கும் இடையே நாள்தோறும் நடைவழி இருந்திருக்கும். உணவு ஏற்க அவர்கள் இறங்கி வரவேண்டுமே. துறவியர் நீங்கியபின் அவ்வழியைக் காரையும் சூரையும் இண்டும் மூடின. ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்ற பெயர் மட்டும் ஊரார் வாயில் தங்கியது. 1882இல் இராபர்ட் சுவெல் மாங்குளத்துக் கல்வெட்டுகளைக் கண்டறிந்தார். படிக்க வல்லார் அன்று எவரும் இலர். பின்வந்த ஆய்வாளர்க்கும் பல மலைகளில் ஆடு மேய்ப்போரே வழிகாட்டிகள். கீழிருந்து நோக்கினால் பாறைமேல் பாறையாகத்தான் தெரியும். முட்செடியை வெட்டி விலக்கி, வழுக்குப் பாறையில் கையூன்றி ஏறி, முகட்டின் அடியில் நின்ற பிறகே குகை புலப்படும். முகட்டில் தொங்கும் மலைத்தேனீக் கூடுகள் வேறு அச்சம் தரும்.

குகையை அடையாளம் காட்டுவது நெற்றியில் வெட்டப்பட்ட நீண்ட காடி. மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே புகாமல் அக்காடியோடு ஓடி வெளியே சொட்டிவிடும். காடிக்குக் கீழே எழுத்து; உள்ளே தலையணை போலத் தலைப்பக்கம் உயர்த்திச் செதுக்கிய கற்படுக்கைகள். நனையாத இடமாகப் பார்த்து எழுத்தை வெட்டிய அந்தக் கல்தச்சர்களின் அறிவை எவ்வளவு பாராட்டினும் தகும்.

மைப்படி எடுப்பதும் எளிதன்று. தாளை நனைக்கத் தண்ணீரையும் கீழிருந்தே சுமக்கவேண்டும். எழுத்து ஆளுயரத்துக்கு மேலே இருப்பின் சாரம் கட்டவேண்டும். பாறையின் இயற்கைக் கீறலும் உளி வெட்டிய கோடும் மைப்படியில் ஒன்றுபோலத் தோன்றும். காலையிலும் மாலையிலும் சாய்வெளிச்சத்தில் கல்லையே நேரில் பார்த்தால்தான் வேறுபாடு விளங்கும். இவற்றின் மொழி பிராகிருதம் எனத் தொடக்கத்தில் எண்ணினர். தமிழே என்று 1924இல் சென்னையில் கூடிய கீழ்த்திசை மாநாட்டில் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். மகாதேவன் 1960களில் ஒருமுறையும், பணி ஓய்வுக்குப்பின் 1990களில் மறுமுறையும் மலைமலையாக ஏறி, கண்ணால் கண்டு பாடங்களைத் திருத்தினார். அவரது பெருநூல் 2003இல் வெளிவந்தது. நூலகத்தில் அமர்ந்தபடியே இதைச் செய்து முடித்திருக்க இயலாது.

சமணர் எண்ணிப் பார்க்கவேண்டிய ஒன்றும் இக்கல்வெட்டில் உண்டு. முத்தெடுக்கச் சிப்பிகளைக் கரையில் குவித்து அழுகவிடுவர். ஒரு முத்துக்கு எத்தனையோ உயிர்கள் மாயும். உயிர்க்கொலை சார்ந்த 15 வாணிகங்களை இல்லறத்தார் விலக்கவேண்டும் என்று பிற்காலச் சமண நூல்கள் வகுத்தன. அசுதனோ அந்நூல்களுக்குப் பல நூற்றாண்டு முற்பட்டவர். அவர் மனம் வருந்தியே கொடை அளித்தார் என்று சிலர் கூறக்கூடும். கல்வெட்டு அவ்வாறு சொல்லவில்லை. பதவியையும் பெயரையும் கொடையையும் சொல்லி நின்றுவிடுகிறது. சொல்லாததை அவர்மேல் ஏற்றுவது முறையன்று.

நூற்றாண்டுகளாக இக்குகைகளைக் காத்தது முள்ளே எனலாம். படிக்கட்டும் கம்பியும் அமைந்த மலைகளில் இன்று வண்ணப்பூச்சுப் பெயர்களும் காதலர் கீறல்களும் மலிந்துள்ளன. கீழவளவு வட்டாரத்தில் கருங்கல் குவாரிகள் குன்றுகளையே அறுத்தெடுத்தன. பாதை அமைப்பதற்குமுன் காவலர் ஒருவரை அமர்த்துவது நன்று.

தூத்துக்குடி வாசகர்க்குக் கழுகுமலை அறிமுகமானது. அங்குள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களையும் குரத்தியர் பெயர் தாங்கிய வட்டெழுத்துகளையும் பலர் கண்டிருப்பர். தாமிரபரணிக் கரையில் சீவலப்பேரிக்கு அருகிலுள்ள மறுகால்தலைக் குன்றைக் கண்டவர் சிலரே. வெண்காசிபன் என்பார் முனிவர்க்கு அளித்த கற்படுக்கை அங்குள்ளது. அதைச் சொல்லும் தமிழ்ப் பிராமி எழுத்தும் உள்ளது. கொற்கையின் துறையைத் தூர்த்த ஆறு அதன் அருகேதான் ஓடுகிறது. ஏறுவோர் எழுத்தைத் துலக்கச் சுண்ணக்கட்டி கொண்டு போகவேண்டா. காலை இளவெயிலில் எழுத்துகள் தாமே தெரியும்.