அந்தக் கையெழுத்து யாருடையது?

எங்க தாமல்ல குழந்தை பொறந்த சேதி வந்தா, எடையைக்கூட அப்புறம்தான் கேப்பாங்க. முதல் கேள்வி, ஆணா பொண்ணா? "இப்போதைக்குச் சொல்ல முடியாது"ன்னு டாக்டர் சொன்னா அந்த வீடு எப்படித் தவிக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

உடலமைப்போ குரோமோசோமோ இந்த ரெண்டுல ஒண்ணுக்குள்ள அடங்காம பிறக்கிற குழந்தைகளை இன்டர்செக்ஸ், தமிழில் ஊடுபால் என்கிறோம். பல வருஷமா இதுக்கு மருத்துவம் வச்சிருந்த பதில் அறுவை சிகிச்சை. பிறப்புறுப்பை ஏதாவது ஒரு பாலுக்கு ஏத்த மாதிரி 'சரி' பண்ணிடுறது. கையெழுத்து போடுறது பெற்றோர். உடம்பு குழந்தையோடது.

இதைத் தடை செய்த முதல் இந்திய மாநிலம் தமிழ்நாடு. ஆனா தடை வந்தது ஒரு கல்யாண வழக்கு வழியா! 2018 அக்டோபர் 31, தூத்துக்குடி சங்கர ராமேஸ்வரர் கோயில். மணப்பெண் திருநங்கை என்பதால் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. 2019 ஏப்ரல் 22-ல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டம் சொல்கிற 'மணப்பெண்'ணில் திருநங்கையும் அடக்கம் என்றார். அங்கேயே முடிச்சிருக்கலாம். முடிக்கல. கோபி சங்கர் மதுரை போன்ற செயற்பாட்டாளர்கள் எழுப்பிவந்த பிரச்சினையையும் கையில் எடுத்தார். பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது, ஊடுபால் குழந்தைகளுக்கான இந்த அறுவை சிகிச்சைகளை அரசு தடை செய்யணும் என்றார்.

ஆகஸ்ட் 13-ல் சுகாதாரத் துறை அரசாணை எண் 355 வந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. அந்த ஆபத்து உண்மையா என்று ஒரு குழு பார்க்கணும். எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். 'அவசரம்'னு ஒரே ஆள் சொல்லி முடிச்சிட முடியாது. மால்டா 2015-லேயே சட்டம் போட்டுடுச்சு.

இங்கே ஒரு குழப்பம் வரும். அமெரிக்காவில் 2021-ல் ஆர்கன்சாவில் ஆரம்பிச்சு பல மாநிலங்கள் போட்ட தடை வேற. அது திருநர் சிறார்கள் தாங்களே கேக்குற ஹார்மோன் சிகிச்சை போன்றவற்றுக்கான தடை. டென்னசி சட்டம் செல்லும்னு அங்கே உச்ச நீதிமன்றமும் 2025 ஜூனில் சொல்லிடுச்சு. ஆனா அந்தச் சட்டங்கள் பலவற்றில் ஊடுபால் குழந்தைகளுக்கான சிகிச்சைக்கு விலக்கு உண்டு. அதாவது, வாய் திறந்து கேக்குற பிள்ளைக்குக் கிடையாது. பேச்சே வராத குழந்தைக்குச் செய்யலாம். குழந்தைகளைக் காப்பாத்தத்தான் சட்டம்னா, இது எனக்குத் தலைகீழாத் தெரியுது.

நம்ம பக்கமும் ஒரு ஓட்டை இருக்கு. 355 அரசாணைதான், சட்டமன்றம் நிறைவேற்றின சட்டம் இல்ல. பின்னால ஒரு நீதிமன்ற உத்தரவு நிக்குது. இப்போதைக்கு அதோட பலம் அதுதான்.