நைட்டைவ் ஸ்டூடியோஸ்

பழைய வீடியோ கேம்களை இன்றைய கணினிகளிலும் கன்சோல்களிலும் ஓடும்படி புதுப்பித்து வெளியிடும் அமெரிக்க நிறுவனம். வாஷிங்டன் மாநிலத்து வான்கூவர் நகரைச் சேர்ந்தது. 2012-இல் ஸ்டீபன் கிக் தொடங்கினார். 1999-இல் வந்த ‘சிஸ்டம் ஷாக் 2’ விளையாட்டு தம் மடிக்கணினியில் ஓடாமல் போனதே அவருக்குத் தூண்டுதல். அதை உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் நிறுவனம் 2000-இல் மூடப்பட்டபின், உரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் முடங்கிக் கிடந்தது. கிக் அந்தக் காப்பீட்டு நிறுவனத்திடம் பேசி உரிமம் பெற்று, 2013-இல் விளையாட்டை மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நிரலைச் சீர்செய்வதைவிட உரிமையாளரைத் தேடிப்பிடிப்பதே இத்துறையில் பல வேளைகளில் கடினமான வேலை. பின்னர் சாமுவேல் வில்லாரியல் உருவாக்கிய ‘கெக்ஸ்’ எஞ்சினைக் கொண்டு ‘டூராக்’, ‘குவேக்’ முதலிய விளையாட்டுகள் புதுப்பிக்கப்பட்டன. முதல் ‘சிஸ்டம் ஷாக்’கின் மறு ஆக்கம் 2023-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் நிறுவனத்தை அட்டாரி வாங்கியது.