நீலக் குழந்தையும் ஒரு தச்சர் மகனும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் டீ குடிக்கும்போது படிக்கலாம்.

நம் பழைய மாணவி ஒருத்தியின் குழந்தைக்குப் போன மாதம் இதய அறுவை சிகிச்சை நடந்து, நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தது. போனில் பேசியவள், "இதையெல்லாம் முதன்முதலில் யார் சார் செய்து பார்த்தது?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு இதயப் படம் மறந்திருக்காது. வலப்பக்கம் நீலம், இடப்பக்கம் சிவப்பு. வலது வெண்ட்ரிக்கிள் நீல இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பும். அது அங்கே ஆக்சிஜன் வாங்கிச் சிவப்பாகித் திரும்பும். இடது வெண்ட்ரிக்கிள் அதை உடம்பெல்லாம் அனுப்பும். நடுவே சுவர். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்தச் சுவரில் ஓட்டை இருக்கும். நுரையீரலுக்குப் போகும் வழி குறுகியிருக்கும். பெருந்தமனி ஓட்டைக்கு மேலேயே வந்து உட்கார்ந்திருக்கும். வலது வெண்ட்ரிக்கிளின் சுவர் தடித்துப் போயிருக்கும். இந்த நான்கும் சேர்ந்ததை 1888-இல் விவரித்தவர் ஃபாலோ என்ற பிரெஞ்சு மருத்துவர். இன்றும் அவர் பெயரால் 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ' என்கிறார்கள். நீல இரத்தம் நுரையீரலுக்குப் போக வழியில்லாமல் நேரே உடம்புக்குள் போய்விடுவதால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 'நீலக் குழந்தை' என்ற பெயர் அதனால் வந்தது.

இந்தக் குழந்தைகள் நாலு எட்டு ஓடினால் மூச்சு வாங்கி, அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துகொள்வார்கள். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கால்களை மடக்கினால் அந்தப் பக்கம் போகும் இரத்தம் தடைப்பட்டு, நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும் என்பதை உடம்பே கண்டுபிடித்துக்கொள்கிறது. (உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் கவனியுங்கள். விளையாட்டு மைதானத்தில் ஒரு பிள்ளை அடிக்கடி இப்படி உட்கார்ந்தால் சோம்பேறி என்று அதட்டாதீர்கள். உதட்டைப் பாருங்கள். பெற்றோரை அழைத்துச் சொல்லுங்கள்.)

1930-களில் இந்தக் குழந்தைகளுக்கு மருந்தும் இல்லை, அறுவையும் இல்லை. இதயத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பதே அன்றைய மருத்துவ உலகின் எண்ணம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் இதயப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஹெலன் டாசிக். பெண்களுக்கு ஹார்வர்டு மருத்துவப் பட்டம் தராத காலம் என்பதால் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வந்து படித்தவர். இதய மருத்துவருக்கு ஸ்டெதஸ்கோப்தானே உயிர்? அவருக்கோ இளம் வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. ஒலியைப் பெருக்கிக் காட்டும் ஸ்டெதஸ்கோப் வைத்துக்கொண்டார். அதைவிட அதிகமாக விரல்களை நம்பினார். குழந்தையின் நெஞ்சில் கை வைத்தே துடிப்பை அறிவார்.

அந்தக் கவனிப்பில் அவருக்கு ஒன்று பிடிபட்டது. கருவில் இருக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே ஒரு சின்னக் குழாய் உண்டு. பிறந்த சில நாட்களில் அது தானாக மூடிக்கொள்ளும். நீலக் குழந்தைகளில் அந்தக் குழாய் மூடாமல் இருப்பவர்கள் ஓரளவு நன்றாக இருந்தார்கள். அது மூடியதும் நிலைமை மோசமானது. அப்படியென்றால், அந்த மாதிரி ஒரு குழாயை நாமே போட்டுக் கொடுத்தால் என்ன?

பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற அறுவை மருத்துவர் 1938-இல், மூடாமல் நின்றுவிட்ட அதே குழாயைக் கட்டி மூடி ஒரு சிறுமியைக் காப்பாற்றியிருந்தார். டாசிக் அவரிடம் போனார். மூடுகிற கை, திறக்கவும் உதவும் என்று நினைத்திருப்பார். கிராஸ் ஆர்வம் காட்டவில்லை. பிறகு 1941-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு அறுவைத் துறைத் தலைவராக வந்த ஆல்ஃபிரட் பிளாலக்கிடம் கேட்டார். அவர் ஒப்புக்கொண்டார்.

பிளாலக் தனியாக வரவில்லை. கூடவே விவியன் தாமஸ் என்ற கறுப்பின இளைஞரையும் அழைத்து வந்திருந்தார். இந்தப் பதிவை நான் எழுதுவதே முக்கியமாக இவருக்காகத்தான்.

தாமஸ் 1910-இல் பிறந்தவர். அப்பா தச்சர், மகனும் அந்த வேலையைக் கற்றவர். கல்லூரிக்குப் போய் மருத்துவராக வேண்டும் என்று காசு சேர்த்தார். 1929-இல் பொருளாதாரம் சரிந்தது, வேலை போனது. 1930-இல் நாஷ்வில் நகரில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளாலக்கின் ஆய்வுக்கூடத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அந்த வருடமே வங்கி திவாலாகிச் சேமிப்பும் போனது. படிப்பு அதோடு சரி. ஆனால் மரத்தில் இழை இழையாக வேலை செய்த கை, சில வருடங்களில் இரத்தக் குழாயில் தையல் போடக் கற்றுக்கொண்டது. செய்தது ஆய்வாளர் வேலை. சம்பளப் பதிவேட்டில் இருந்தது துப்புரவுப் பணியாளர் என்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அவர் வெள்ளைக் கோட்டு போட்டு நடந்தபோது ஆட்கள் நின்று திரும்பிப் பார்த்தார்களாம். அங்கே கறுப்பினத்தவர் என்றால் துடைப்பத்தோடுதான் பார்த்துப் பழக்கம்.

டாசிக் சொன்னதைச் செய்து காட்டும் பொறுப்பு தாமஸிடம் வந்தது. முதலில் நாய்களிடம் அதே நோயை உண்டாக்க வேண்டும். பிறகு அதைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு வருடங்களாகச் சுமார் 200 நாய்கள். அவற்றில் நெடுநாள் பிழைத்திருந்த அன்னா என்ற நாயின் படத்தைப் பின்னாளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மாட்டினார்கள். கைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியை வெட்டித் திருப்பி நுரையீரல் தமனியில் இணைப்பதுதான் வழி. அத்தனை சின்னக் குழாய்க்கு ஏற்ற ஊசி கடையில் இல்லை. இருந்த ஊசியை நறுக்கி, முனையைத் தீட்டித் தாமஸே தயாரித்தார்.

1944 நவம்பர் 29. ஐலீன் சாக்ஸன் என்ற பதினைந்து மாதக் குழந்தை. எடை ஏறக்குறைய 4 கிலோ. நம் ஊரில் இரண்டு மாதக் குழந்தைகூட அதற்கு மேல் இருக்கும். பிளாலக் இந்த அறுவையை நாயிடம் ஒரே ஒரு முறைதான் செய்திருந்தார், அதுவும் தாமஸின் துணையோடு. அதனால் தாமஸைக் கூப்பிட்டுவரச் சொன்னார். பிளாலக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் நின்று, தையல் சரியான பக்கம் விழுகிறதா என்று தாமஸ் சொல்லச் சொல்ல, பிளாலக் தைத்தார். குழந்தை பிழைத்தது. அது நீடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில மாதங்களில் மறுபடி நீலமாகி, இன்னொரு அறுவைக்குப் பிறகு, இரண்டு வயது முடியுமுன்பே ஐலீன் இறந்துபோனாள். ஆனால் வழி திறந்துவிட்டது. 1945 பிப்ரவரியில் மேலும் இருவருக்குச் செய்தார்கள். மூன்றாவது ஒரு சிறுவன். இணைப்பில் இரத்தம் பாய்ந்ததும் மேசையிலேயே அவன் உதடு நீலம் மாறிச் சிவந்தது.

அந்த மே மாதம் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. இரண்டு பெயர்கள்: பிளாலக், டாசிக். மூன்றாவது பெயர் இல்லை.

உலகமெங்கும் இருந்து பெற்றோர் நீலக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பால்டிமோருக்கு வந்தார்கள். சில வருடங்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகள். பிளாலக்கையும் டாசிக்கையும் பத்திரிகைகள் கொண்டாடின. தாமஸோ சம்பளம் போதாமல், பிளாலக் வீட்டு விருந்துகளில் மது பரிமாறிக் கூடுதல் காசு சம்பாதித்தார். பகலில் எந்த மருத்துவர்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்தாரோ, மாலையில் அவர்களுக்கே கோப்பை நீட்டினார். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிளாலக்கைக் கெட்டவர் என்று எழுதிவிடுவது சுலபம். அது நியாயம் இல்லை. குழந்தை மேசையில் இறந்திருந்தால் பழி முழுக்க அவர் தலையில்தான் விழுந்திருக்கும். தாமஸ் இல்லாமல் தன்னால் முடியாது என்று அறுவை அரங்கில் எல்லோர் முன்னிலும் காட்டிக்கொண்டவர் அவர். அரங்குக்கு வெளியே, எழுத்தில், அதைச் சொல்லவில்லை. என் கணக்கில் அது சின்னக் குறை இல்லை.

பிற்பாடு இதய-நுரையீரல் இயந்திரம் வந்தது. 1954-இல் மினசோட்டாவில் லில்லிஹை இதயத்தைத் திறந்து நான்கு கோளாறுகளையும் உள்ளேயே சரிசெய்தார். இன்று பெரும்பாலும் அந்த முழு அறுவைதான். ஆனாலும் உடனே அதைத் தாங்காத குழந்தைகளுக்கு, செயற்கைக் குழாய் வைத்து, அந்தப் பழைய இணைப்பை இன்றும் முதல் படியாகச் செய்கிறார்கள்.

பிளாலக் 1964-இல் காலமானார். தாமஸிடம் தொழில் கற்ற அறுவை மருத்துவர்கள், நாடு முழுவதும் பெரிய பதவிகளில் இருந்தவர்கள், ஒன்றுகூடி அவரது உருவப்படத்தை வரையச் செய்து 1971-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு அளித்தார்கள். 1976-இல் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் தந்தது. வேடிக்கை, அது மருத்துவப் பட்டம் இல்லை, சட்டத்தில்! இருந்தாலும் அதன்பின் எல்லோரும் அவரை 'டாக்டர் தாமஸ்' என்றே அழைத்தார்கள். 1985 நவம்பரில் அவர் காலமானார். அவர் எழுதிய தன்வரலாறு அதே சமயத்தில்தான் புத்தகமாக வந்தது. அந்த இணைப்புக்கு இப்போது பலர் 'பிளாலக்-டாசிக்-தாமஸ்' என்றே எழுதுகிறார்கள்.

இந்தக் கதை 2004-இல் 'சம்திங் த லார்ட் மேட்' என்ற பெயரில் படமாக வந்தது. ஆங்கிலம்தான், எழுத்து ஓடவிட்டுப் பார்த்தால் புரியும். பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள்.