அநாதைப் பொதியும் தத்தெடுப்பவரும்



2011-க்குப் பிறகு பிளஸ் டூ படித்தவர்கள் அரசு கொடுத்த மடிக்கணினியை மறந்திருக்க மாட்டீர்கள். ஆன் செய்ததும் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். நீங்கள் எதைத் தட்டியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்! அந்த பாஸ் லினக்ஸ் சென்னை சி-டாக்கில் உருவானது. அதற்கு அடித்தளம் டெபியன். இன்று டெபியனின் கதை. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1993 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் அதை அறிவித்தார். தன் தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து டெபியன் என்று வைத்தார். லினக்ஸுக்கான மென்பொருள்களை உலகமெங்கும் பலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவற்றை ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி கட்டித்தர ஆள் வேண்டுமே. நம் பக்கம் முந்திரிக்கொட்டையை உடைத்து, தோல் உரித்து, தரம் பிரித்து, பாக்கெட் போட்டால்தானே கடைக்குப் போகும்? அதே போன்ற வேலைதான். அப்படிக் கட்டப்பட்டதைப் பொதி என்கிறோம். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர். சம்பளம் கிடையாது, மேலதிகாரி கிடையாது.

சிக்கல் அங்கேதான் வந்தது. தொண்டுக்கு வந்தவருக்குக் கல்யாணம் ஆகும், வேலை மாறும், உடம்புக்கு முடியாமல் போகும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார். அவர் பொதியில் பிழை இருந்தால் அதை நம்பியிருக்கும் மற்ற பொதிகளும் சேர்ந்து நிற்கும். அடுத்தவர் கை வைத்தால், "என் வேலையில் நீ யார்?" என்ற மனத்தாங்கல். நம் ஊரில் விழாக் கமிட்டி நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பராமரிப்பாளர் அல்லாத ஒருவரும் பிழையைத் திருத்தலாம். ஆனால் முதலில் பிழைப்பதிவேட்டில் திருத்தத்தை எழுதி வைக்க வேண்டும். பிறகு திருத்திய பொதியைக் காத்திருப்பு வரிசையில் சில நாள் போட்டு வைப்பார். உரியவர் அதற்குள் வந்து தடுக்கலாம், தானே செய்யலாம். வராவிட்டால் அது தானாக உள்ளே போய்விடும். யாருக்கும் அவமானம் இல்லை, வேலையும் நிற்காது. ஒருவர் முற்றிலும் விலகினால் அந்தப் பொதியை 'அநாதை' என்று ஒரு பொதுப்பட்டியலில் சேர்ப்பார்கள். எடுத்துக்கொள்ள வருபவர் 'தத்தெடுக்கிறேன்' என்று அதில் எழுதுவார். இவை அவர்களே வைத்த பெயர்கள்.

இவ்வளவு இருந்தும் தடுமாறினார்கள். 2002 ஜூலையில் ஒரு பதிப்பு வந்தது. அடுத்தது வர 2005 ஜூன் ஆகிவிட்டது. இனி தாமதம் கூடாது என்று 2006-இல் சிலர் நிதி திரட்டி, வெளியீட்டைக் கவனிக்கும் இருவருக்கு மட்டும் பணம் கொடுத்தார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் கூலியில்லாமல் உழைத்தவர்களில் சிலர் மனம் கசந்து தங்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். டிசம்பரில் வர வேண்டிய பதிப்பு 2007 ஏப்ரல் 8 அன்றுதான் வந்தது.

அந்தப் பதிப்பு நமக்கு முக்கியமானது. எட்ச் என்று பெயர். அதில்தான் கணினியில் டெபியனை நிறுவும் திரை வரைகலை வடிவத்துக்கு வந்தது. பழைய எழுத்துத்திரையில் கொம்பும் காலும் சரியாக விழாது. இதில் தமிழ், மலையாளம், இந்தி, வங்காளம் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தன. இதற்கு மொழிபெயர்த்தவர், எழுத்துருவைப் பொதியாக்கியவர், திரையை எழுதியவர் என்று மூன்று தரப்பும் ஒரே நேரத்தில் முடித்திருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காமலே அதைச் செய்தார்கள்.

அதே எட்ச்சுக்குள் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது ரகசியச் சாவிகளை உருவாக்கும் மென்பொருள். 2006-இல் அதன் பொதியில், சோதனைக் கருவி குறை சொன்ன வரிகளை நீக்கினார்கள். நீக்கும் முன் மூல ஆசிரியர்களின் குழுவில் கேட்கவும் செய்தார்கள். கேட்ட விதத்தில் விளைவு முழுவதும் தெரியவில்லை. பதில் சொன்னவர்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணிலடங்காத சாவிகள் பிறக்க வேண்டிய இடத்தில், ஒரு வகைக்கு 32,767 மட்டுமே பிறந்தன. அத்தனையையும் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுத் திறந்துவிடலாம். லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடித்து, 2008 மே 13 அன்று எச்சரிக்கை வெளியானது. உலகமெங்கும் சாவிகளைத் தூக்கி எறிந்து புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. ஏறக்குறைய இரண்டு வருடம் யார் கண்ணிலும் படவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

மர்டாக் 2015 டிசம்பரில், 42 வயதில் காலமானார். 2023 ஜூனில் வந்த பதிப்பில் 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள். அந்த வருடம் செப்டம்பரில் அவர்களின் ஆண்டுக்கூட்டம் நம் கொச்சியிலேயே நடந்தது. பக்கத்தில் விழுப்புரத்திலும் ஒரு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது.

அநாதைப் பொதிகளின் பட்டியல் இன்றும் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் ஐ.டி.யில் இருக்கும் பிள்ளைகள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து, தமிழ் சம்பந்தப்பட்டது ஏதேனும் அதில் கிடக்கிறதா என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.