எட்வர்டு கால ஆங்கில மேட்டுக்குடியின் பேச்சும் வழக்கங்களும்

ஏழாம் எட்வர்டு மன்னர் 1901 முதல் 1910 வரை ஆண்டார். அக்காலத்திலும், அதன்பின் 1914இல் முதல் உலகப் போர் மூளும் வரையிலும் இங்கிலாந்தின் நிலவுடைமைப் பிரபுக்களும் அவர்களோடு கலந்த பெருஞ்செல்வர்களும் பின்பற்றிய பேச்சு, சந்திப்பு, விருந்து முறைகளை இக்கட்டுரை விவரிக்கிறது. நாடாளுமன்றமும் கிளப்புகளும் ஆண்களின் ஆளுகையில் இருந்தன. எந்தக் குடும்பத்தோடு பழகலாம், எதை விலக்க வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் சீமாட்டிகள். இவ்வழக்கங்களை வெற்று ஆடம்பரம் என்று ஒதுக்குவோர் இந்த அதிகாரத்தைக் காணத் தவறுகிறார்கள்.

அதன் முதன்மைக் கருவி விசிட்டிங் கார்டு. ஒரு சீமாட்டி இன்னொரு வீட்டுக்குச் சென்றால் தன் கார்டு ஒன்றையும் கணவரின் கார்டுகள் இரண்டையும் விட்டு வருவார். கணவரின் கார்டுகளில் ஒன்று அவ்வீட்டுத் தலைவிக்கு, மற்றொன்று தலைவருக்கு. ஊரைவிட்டு நெடுநாள் செல்பவர் விடைபெறுதலைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடரின் முதலெழுத்துகளைக் கார்டின் மூலையில் எழுதிவிட்டுப் போவார். பிற்பகலில் நடந்தாலும் இந்தச் சந்திப்புக்குக் 'காலைச் சந்திப்பு' என்றே பெயர். வாசலில் பணியாள் "அம்மையார் வீட்டில் இல்லை" என்றால், அவர் உள்ளே இருந்தும் யாரையும் பார்க்க விரும்பவில்லை என்றும் பொருள்படும். அதைப் பொய்யாக யாரும் கருதவில்லை. நேரில் வந்தவருக்குப் பதிலாகக் கார்டு மட்டும் அனுப்பினால், பழக்கம் வளர வேண்டாம் என்பது குறிப்பு. கடுஞ்சொல் ஒன்றும் இல்லாமலே ஒரு குடும்பம் விலக்கப்பட்டுவிடும்.

விளிக்கும் முறையிலும் இதே நுட்பம் உண்டு. டியூக் ஒருவரை அவருக்கு இணையானோர் 'டியூக்' என்றே அழைத்தனர். 'யுவர் கிரேஸ்' என்பது பணியாளர்களும் கீழ்நிலையினரும் சொல்வது. ஏர்ல் ஒருவரின் மகளுக்கு 'லேடி' என்ற பட்டத்தோடு அவருடைய சொந்தப் பெயர் சேரும். நைட் பட்டம் பெற்றவரின் மனைவிக்குக் குடும்பப் பெயர் சேரும். சமையல் தலைவி மணமாகாதவராயினும் 'மிஸஸ்' எனப்பட்டார். விருந்தினரோடு வந்த பணியாளர்கள், பணியாளர் கூடத்தில் தத்தம் எசமானரின் பெயராலேயே அறியப்பட்டனர்.

உச்சரிப்பில் வியப்பான ஓர் ஒற்றுமை தெரிகிறது. பழைய தலைமுறைப் பிரபுக்கள் வேட்டையைக் குறிக்கும் 'ஹண்டிங்' என்ற சொல்லை 'ஹண்டின்' என்றனர். அவர்களது நிலத்தில் உழைத்த குடியானவரும் அப்படியே பேசினர். கடைசி எழுத்தைக் கவனமாக ஒலித்தவர்கள் இடையிலிருந்த நடுத்தர வகுப்பினரே. பிறர் தம்மை எடைபோடுவார்களோ என்ற அச்சம் பிரபுவுக்கு இல்லை. அவருடைய பேச்சின் அலட்சியத்துக்கு அதுவே காரணம் எனலாம்.

இரவு விருந்தில் ஆண், பெண் இணைகளாகத் தரவரிசைப்படி உணவறைக்குள் நுழைவர். விருந்தளிக்கும் தலைவர் மிக உயர்ந்த தகுதியுடைய பெண்ணோடு முதலில் செல்வார்; தலைவி கடைசியில் வருவார். பழவகை முடிந்ததும் தலைவி எழ, பெண்கள் அனைவரும் வரவேற்பறைக்குப் போவர். ஆண்கள் போர்ட் மதுவோடு அங்கேயே இருப்பர்.

வசந்தத்தில் தொடங்கி ஆகஸ்ட் வரை நீண்ட லண்டன் 'சீசன்' திருமணச் சந்தையாகவும் இருந்தது. ராயல் அகாடமி ஓவியக் கண்காட்சி, அஸ்காட் குதிரைப் பந்தயம், ஹென்லி படகுப் போட்டி ஆகியவை அதன் முக்கிய நிகழ்வுகள். ஆகஸ்ட் 12இல் காட்டுக்கோழி வேட்டைப் பருவம் தொடங்குமுன் குடும்பங்கள் நகரைவிட்டுப் புறப்படும். இளம்பெண் ஒருத்தி இவ்வட்டத்துக்குள் முறையாக நுழைய, அரசவையில் அறிமுகம் பெற வேண்டும். முன்பே அங்கே அறிமுகமான பெண் ஒருவரே அவளை அழைத்துச் செல்ல முடியும். வெண்ணிற உடை, தலையில் நெருப்புக்கோழி இறகு, தரையில் புரளும் நீண்ட பின்தொங்கல் ஆகியவற்றோடு மன்னர் முன் அவள் முழங்கால் மடித்துத் தாழ்ந்து வணங்குவாள். மணமுறிவு பெற்ற பெண்களுக்கு அரசவை அனுமதி பொதுவாக மறுக்கப்பட்டது. இந்தக் கட்டமைப்பின் மிகக் கொடிய பகுதி இதுவே.

போரில் வாரிசுகள் பலர் மாண்டனர். உயர்ந்துகொண்டே போன மரணவரி நிலங்களை விற்கவைத்தது. பணியாட்கள் வேறு வேலைகளுக்குச் சென்றனர். ஆயினும் அரசவை அறிமுகம் 1958 வரை நீடித்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1954இல், மொழியியலாளர் ஆலன் ராஸ் மேட்டுக்குடியினரின் சொல்வேறுபாடுகளை ஃபின்லாந்து ஆய்விதழ் ஒன்றில் ஆராய்ந்தார். எழுத்தாளர் நான்சி மிட்ஃபர்டு அதை எடுத்தெழுதியபோது, உணவு மேசைக் கைத்துணியை 'நாப்கின்' என்பதா 'சர்வியெட்' என்பதா என்று நாடே விவாதித்தது.