விசாகையில் விழுந்த குண்டு, டில்லியில் முறிந்த பேச்சு

ஆரணிப் பட்டுத் தறிகள் மைசூர், கொள்ளேகாலம் பக்கத்து நூலை நம்பி ஓடியவை. 1930களில் ஜப்பான் பட்டு நூல் மலிவாக வந்து குவிந்து, மைசூர்க்காரர்களையே திணறடித்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் அந்த வரத்து நின்றது. மைசூர் நூலுக்கோ பாராசூட் செய்யும் ராணுவம் போட்டிக்கு வந்தது. பாவுக்கு நூல் கேட்டவர்கள் இரண்டு பக்கமும் கையைப் பிசைய வேண்டியதாயிற்று.

நூலை நிறுத்திய அந்தப் போர் விரைவில் இந்தியாவையே நெருங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மறுநாளே ஜப்பானியப் பிரதமர் டோஜோ, பிரிட்டிஷ் பிடியை உதறித் தள்ள இதுவே நேரம் என்று இந்தியரை அழைத்தார். மார்ச்சில் ரங்கூனும் போனது. அதன்பிறகுதான் சர்ச்சிலுக்கு இந்தியரோடு பேசத் தோன்றியது. அவருடைய தூதராக ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் டில்லி வந்தார். போர் முடிந்ததும் டொமினியன் அந்தஸ்து, அதுவரை பாதுகாப்புத் துறை பிரிட்டிஷார் கையில் என்பது அவர் கொண்டுவந்த திட்டம். பேச்சு சிக்கிக்கொண்டது அந்தப் பாதுகாப்புத் துறையில்தான்.

இழுபறி நடந்துகொண்டிருந்தபோதே, ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9ஆம் தேதி திருகோணமலை. கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படைக்கு உண்மையான குறி பிரிட்டனின் கிழக்குக் கடற்படைதான்; ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்துவிட்டு அது திரும்பிப் போய்விட்டது. ஆனால் நண்பன் என்று சொல்லிக்கொண்டே ஊர்மேல் குண்டு போடுகிறவனை யார் நம்புவார்கள்? ஜப்பானியர் வந்தால் எதிர்ப்போம் என்றார் நேரு. அதே காங்கிரஸ், ஏப்ரல் 11க்குள் கிரிப்ஸ் திட்டத்தையும் தள்ளிவிட்டது. குண்டு ஜப்பானுக்கும் உதவவில்லை, பிரிட்டனுக்கும் உதவவில்லை.

சென்னையின் கதை வேறு. அங்கே அப்போது ஒரு குண்டும் விழவில்லை. பயம் மட்டும் விழுந்தது. அவசிய வேலையில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்றது அரசு. அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு நகர்ந்தன. மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டே கொன்றார்கள். எதிரி வருமுன் ஓடும் அரசை மக்கள் எப்படி மதிப்பார்கள்?

அந்த வெற்றிடத்தைப் பார்த்தவர் ராஜாஜி. மாகாணத்தில் மக்கள் அரசு வேண்டும், அதற்கு முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்றாவது உடன்பாடு காண வேண்டும் என்று ஏப்ரல் 23இல் சென்னை சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியில் தீர்மானம் நிறைவேற்றினார். அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி அதை 120க்கு 15 என்று நிராகரித்தது. காரியக் கமிட்டியிலிருந்து விலகிய ராஜாஜி, ஜூலையில் காங்கிரஸைவிட்டே வெளியேறினார். டோஜோவின் பேச்சு அசைக்காத ஒருவரை, சென்னை காலியான காட்சி அசைத்தது என்பதே என் கணிப்பு.

சென்னையில் நிஜமாகவே ஜப்பானியக் குண்டு விழுந்தது 1943 அக்டோபரில், ஒற்றை விமானத்திலிருந்து. அப்போது நேருவும் காந்தியும் சிறைக்காவலில் இருந்தார்கள். டில்லியில் பேச்சும் இல்லை.